இரவு ஒன்பது மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

விக்ரோலி மேற்கில், பார்க் சைட் குன்றின் சரிவில், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சிறு கடை ஒன்று உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்து, பின்னர் அதை விட்டு மைக் செட் தொழிலுக்கு மாறிய ஒருவர் நாற்பது ஆண்டுகளாக அதை நடத்திவருகிறார். பழைய ஆம்ப்ளிஃபயர்களின் மேல் நீளமான கணக்கு நோட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். அதில் ரூபாய்க் கணக்கைவிட வாட் கணக்கே மிகுதி. 'ஐந்து வாட் ஆறு, பத்து வாட் நான்கு, ஆக எழுபது. நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் போதும்' என்பது போன்ற குறிப்புகள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில், அன்று எது பழுதானது, எப்படிச் சரிசெய்யப்பட்டது, எத்தனை நிமிடம் ஆனது என்று மூன்று சொற்களில் ஒரு வரி.

அந்த வாட் கணக்குக்குப் பின்னால் உலகம் முழுவதும் வழங்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தொழிலில் அதை நூறு வோல்ட் லைன் என்பார்கள். ஆம்ப்ளிஃபயர் தன் முழுத் திறனில் இயங்கும்போது வெளிவரும் மின்னழுத்தம் 100 வோல்ட் ஆகுமாறு மின்மாற்றி வழியாக உயர்த்தப்படுகிறது. ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் இருக்கும் சிறு மின்மாற்றி அதை மீண்டும் இறக்கிக்கொள்கிறது. மின்னழுத்தம் உயர்ந்தால் மின்னோட்டம் குறையும். ஆகவே மெல்லிய கம்பியில் நெடுந்தொலைவு ஒலியைக் கொண்டுசெல்லலாம். ஒலிபெருக்கிகளின் வாட்டைக் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் திறனைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆம்ப்ளிஃபயர் ஒரு நிறுவனத்தினுடையது, ஒலிபெருக்கி இன்னொரு நிறுவனத்தினுடையது, மின்மாற்றி உள்ளூரில் சுற்றியது என்று இருந்தாலும் பாட்டு கேட்கும். இந்த ஏற்பாட்டுக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டியதும் இல்லை. கடைக்காரர் அதைத் 'தரநிலை' என்ற சொல்லால் ஒருபோதும் குறித்ததில்லை. ஆயினும் அவருடைய நாற்பது ஆண்டு வாழ்க்கையும் ஒரு திறந்த தரநிலையின் மேல்தான் நின்றது.

அந்த நோட்டின் கணக்கு போதாமற்போன நாள் 2025இல் வந்தது. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அவை வகுத்த வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். 2005இல் உச்ச நீதிமன்றம் இரவுத் தடையை உறுதிசெய்தது. எனினும் மும்பையின் குடியிருப்புகளில் கூம்பு ஒலிபெருக்கிகள் கூரையிலிருந்து இறங்கவில்லை. 2025 ஜனவரியில், குர்லாவின் நேரு நகர்ப் பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், ஒலிபெருக்கி எந்தச் சமயத்துக்கும் இன்றியமையாத கூறு அன்று என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது. ஒலி அளவைத் தாமாகவே கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைக் கருவிகளுக்குள்ளேயே அமைப்பது பற்றி அரசு ஆராய வேண்டும் என்றும் சொன்னது. அதன் பின்னர் நகரெங்கும் கூம்புகள் இறக்கப்பட்டன.

விக்ரோலியில் தமிழர்கள் கூடி நடத்தும் ஒரு சமூகக் கூடத்தின் மேல்மாடியிலும் அவ்வாறு நான்கு கூம்புகள் இருந்தன. கடைக்காரரே பல ஆண்டுகளுக்கு முன் அவற்றைப் பூட்டியவர்; அவரே ஏறி அவிழ்த்தார். கூம்பு இருந்தவரை கூடத்தில் எவருக்குக் கேட்கிறது, எவருக்குக் கேட்கவில்லை என்ற கேள்வியே எழுந்ததில்லை. தெரு முழுவதற்கும் கேட்டது. அது போன பிறகுதான் மாடிக் கூடத்தில் அமரும் மூதாட்டிகளுக்கும், பின்புற உணவுக்கூடத்தில் பரிமாறுவோருக்கும், படிக்கட்டில் நிற்போருக்கும் மேடைப் பேச்சில் ஒரு சொல்கூட விளங்குவதில்லை என்பது தெரியவந்தது. ஒரே இடத்திலிருந்து உரக்க ஒலித்த கூம்புகளுக்கு மாறாக, கேட்போரின் அருகிலேயே மெல்லப் பேசும் இருபத்திரண்டு சிறு பெட்டி ஒலிபெருக்கிகளை வைப்பதென்று கமிட்டி முடிவெடுத்தது.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மேடையிலிருந்து முற்றத்தின் கடைசிவரை 35 மீட்டர். ஒலி அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 100 மில்லிநொடி ஆகும். கம்பியில் போகும் மின்குறிப்போ அந்த நொடியே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே கடைசி வரிசையில் நிற்பவர் அருகிலுள்ள பெட்டியின் குரலை முதலில் கேட்பார். மேடைப்பக்கத்துக் குரல் பின்னால் வந்து எதிரொலியாக அதன்மேல் விழும். இரண்டு ஒலிகளுக்கு இடையே முப்பது மில்லிநொடி வரை இடைவெளி இருந்தால் காது அவற்றை ஒன்றாகவே கொள்ளும் என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் காட்டினார். நூறு மில்லிநொடியை எந்தக் காதும் மன்னிப்பதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் தொலைவுக்கேற்ற தாமதத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தாக வேண்டும். மேலும், கீழே திருமணம் நடக்கும்போது மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடக்கும். சில நாள் மாடியிலிருந்து மைக் கீழே வர வேண்டும். சில நாள் கீழிருந்து மேலே போக வேண்டும். ஒரே குறிப்பை எல்லாருக்கும் கொண்டுசெல்லும் ஒற்றை லைன் இதற்குத் தோதானதன்று.

இதைத் தேர்ந்து சொல்லும் பொறுப்பு கடைக்காரரின் மகளிடம் வந்தது. அவர் மின்னணுப் பொறியியல் படித்தவர். அலுவலகங்களின் கூட்ட அறைகளுக்கு ஒலி, ஒளி ஏற்பாடு செய்யும் வேலையில் இருப்பவர். கமிட்டி மூன்று விலைப்பட்டியல்களை வாங்கி அவர்முன் வைத்தது. மூன்றிலும் மிக்சர், ஆம்ப்ளிஃபயர், பெட்டி எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு ஒரு வரியில்தான் இருந்தது. கருவிகள் தமக்குள் எந்த வலையமைப்பு நெறிமுறையில் ஒலியைப் பரிமாறிக்கொள்ளும் என்ற வரி. ஒன்றில் டான்டே, ஒன்றில் ஏவிபி, ஒன்றில் ஏஇஎஸ்67.

கணினிகளை இணைக்கும் அதே ஈதர்நெட் கம்பியில் ஒலியையும் அனுப்பலாம் என்பது இன்று எளிதாகத் தோன்றும். தொடக்கத்தில் அது எளிதாக இல்லை. ஈதர்நெட் என்பது, முடிந்தபோது கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்ற வாக்குறுதி மட்டுமே தரும் அஞ்சல்காரரைப் போன்றது. மின்னஞ்சல் அரை நொடி தாமதமாக வந்தால் எவருக்கும் தெரியாது. ஒலி ஒரு நொடியில் 48,000 முறை அளக்கப்பட்டு, அந்த அளவீடுகள் பொட்டலங்களாகக் கட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. ஒரு பொட்டலம் நேரத்துக்கு வராவிட்டால் 'டப்' என்ற ஓசை கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு கருவியும் தன் உள்ளேயிருக்கும் படிகத்தின் துடிப்பைக் கொண்டு நொடியை எண்ணுகிறது. இரண்டு படிகங்கள் முற்றிலும் ஒன்றுபோல் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் இருபது பங்கு வேறுபாடு என்பது படிகத்துக்குச் சாதாரணம். 48,000இல் அது நொடிக்கு ஏறத்தாழ ஓர் அளவீடு. அனுப்பும் கருவி ஒரு நொடியில் 48,001 அளவீடுகளை அனுப்ப, பெறும் கருவி 48,000ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், மிச்சம் தேங்கித் தேங்கி ஒருநாள் வழியும். ஆகவே வலையமைப்பு ஒலியின் முதல் தேவை பொதுக் கடிகாரம். கருவிகள் தமக்குள் ஒன்றைத் தலைமைக் கடிகாரமாகத் தேர்ந்து, மற்றவை அதைப் பின்பற்றுகின்றன. தலைமை அணைந்துபோனால் இன்னொன்று அந்த இடத்துக்கு வருகிறது. நெறிமுறைகள் ஒன்றோடொன்று பேச முடியாமற்போவதற்கு முதற்காரணங்களுள் ஒன்று, அவை வெவ்வேறு கடிகார முறைகளைப் பின்பற்றுவதே. ஐஇஇஇ 1588 என்ற நேரத்தரத்தின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பை டான்டே பின்பற்றுகிறது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பை ஏஇஎஸ்67 கேட்கிறது. ஏவிபி அதிலிருந்து கிளைத்த 802.1ஏஎஸ் என்ற முறையைக் கொண்டிருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் வரலாறு முப்பது ஆண்டுகளுக்குள் அடங்கும். அமெரிக்காவின் கொலராடோவில் பீக் ஆடியோ என்ற சிறு நிறுவனம் 1996இல் கோப்ராநெட்டைக் கொண்டுவந்தது. விமான நிலையங்களிலும் விளையாட்டரங்குகளிலும் மாநாட்டு மையங்களிலும் அது நுழைந்தது. அதன் இயல்பான தாமதம் 5.33 மில்லிநொடி. 2001இல் பீக் ஆடியோவை சிரஸ் லாஜிக் வாங்கியது. அதே காலத்தில் பிரான்சின் டிஜிகிராம் நிறுவனம் ஈதர்சவுண்டை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2006இல் உருவான ஆடினேட் நிறுவனத்தின் டான்டே, கடையில் கிடைக்கும் சாதாரண ஜிகாபிட் ஸ்விட்சுகளிலேயே ஓடக்கூடியதாக வந்தது. ஐஇஇஇ அமைப்பு ஏவிபியை உருவாக்கியது. அதைத் தொழிலுக்கு ஏற்றவாறு இறுக்கிக் கட்டி அவ்னு கூட்டமைப்பு 2018இல் மிலான் என்ற பெயரில் அறிவித்தது. ஒலிப் பொறியியல் கழகம் 2013இல் ஏஇஎஸ்67ஐ வெளியிட்டது. வெவ்வேறு நெறிமுறைகள் சந்தித்துக்கொள்ள ஒரு பொது முற்றமாக அது எண்ணப்பட்டது. இன்று கோப்ராநெட்டைக் கேட்டு வாங்குபவர் அரிது. அதில் முதலீடு செய்த அரங்குகள் பழைய கருவிகள் ஓடும்வரை ஓட்டி, பின்னர் முழுவதையும் மாற்றின. நெறிமுறைகளும் முதுமை எய்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விற்பனையாளர்கள் கமிட்டியின்முன் பேசியது இவற்றைப் பற்றி அன்று. ஒருவர் தம் நெறிமுறையில் ஒலி 'சுத்தமாக' இருக்கும் என்றார். இன்னொருவர் தம்முடையதில் தாமதம் கால் மில்லிநொடி மட்டுமே என்றார். மகள் கமிட்டிக்கு ஒரு தாளில் கணக்கு எழுதிக் காட்டினார். மூன்றும் சுருக்கப்படாத அளவீடுகளையே கொண்டுசெல்கின்றன. 24 பிட், 48,000 அளவீடு என்றால் ஒரு தடத்துக்கு நொடிக்கு 1.152 மெகாபிட், எந்த நெறிமுறையானாலும் அதே எண். போய்ச் சேரும் எண்கள் ஒன்றாக இருக்கையில் ஒலியின் தூய்மையில் வேற்றுமைக்கு இடமில்லை. 64 தடங்கள் சேர்ந்தாலும் 74 மெகாபிட்டுக்குள் அடங்கும். ஜிகாபிட் கம்பிக்கு அது பாரமன்று. தாமதமோ, ஒரு மில்லிநொடியில் ஒலி காற்றில் கடக்கும் தொலைவு 34 சென்டிமீட்டர். கால் மில்லிநொடிக்கும் ஒரு மில்லிநொடிக்கும் உள்ள வேறுபாடு, கேட்பவர் நாற்காலியில் சற்று முன்னால் சாய்ந்தால் ஏற்படும் வேறுபாடு. தம் குரலைத் தாமே காதுக்கருவியில் கேட்டுப் பாடுபவருக்கு அது ஓரளவு பொருட்படுத்தத்தக்கதாகலாம். உணவுக்கூடத்துக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இரண்டு எண்களும் இவ்வாறு தீர்மானத்திலிருந்து விலகிப்போயின.

தொடக்கத்தில் மகளின் மனம் ஏஇஎஸ்67இன் பக்கமே இருந்தது. அது திறந்த தரநிலை. ஒரு நிறுவனத்தின் உடைமை அன்று. தந்தையின் நூறு வோல்ட் லைனின் நேர் வாரிசு அதுவே என்று அவருக்குத் தோன்றியது. தெரிந்தவர்களிடம் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளைக் கடன் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இணைத்துப் பார்த்தார். கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வது எப்படி என்பதை அத்தரநிலை கட்டாயமாக வரையறுக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அறிவிக்கிறது. இன்னொன்று அதைக் கேட்பதில்லை. ஒலியோட்டத்தின் முகவரியையும் விவரத்தையும் கையால் ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டியிருந்தது. பின்னர் உணவுக்கூடத்தின் கருவி திணறியது. பலருக்கும் ஒரே நேரத்தில் செல்லும் மல்டிகாஸ்ட் ஓட்டங்கள், யாருக்கு வேண்டும் யாருக்கு வேண்டாம் என்று பிரித்தனுப்பத் தெரியாத மலிவான ஸ்விட்சின் எல்லா வாய்களிலும் வழிந்து, 100 மெகாபிட் மட்டுமே தாங்கும் அந்தப் பழைய கருவியை மூழ்கடித்திருந்தன. நான்கு மணி நேரத்துக்குப் பின் ஒலி வந்தது. நன்றாகவே வந்தது. மாலையில் யாரோ ஓர் இளைஞர் கைப்பேசிக்கு மின்னேற்ற ஸ்விட்சின் பிளக்கைக் கழற்றினார். மீண்டும் செருகியபோது ஓர் ஓட்டம் திரும்பி வரவே இல்லை.

வாசலில் நாற்காலி போட்டு இதையெல்லாம் பார்த்திருந்த தந்தை அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, இது ராத்திரி ஒம்பது மணிக்கு நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடணும்?"

"என்னைத்தான்பா."

"நீ புனேல வேலையா இருந்தா?"

மகளிடம் விடை இல்லை. அந்த வாரம் முழுவதும் அக்கேள்வியை வைத்தே மூன்று விலைப்பட்டியல்களையும் அவர் மறுபடி படித்தார். 'எது சிறந்தது' என்ற கேள்வியின் இடத்தில் 'எது யாரைச் சார்ந்து நிற்கும்' என்ற கேள்வி வந்தபோது பட்டியல்கள் வேறுவிதமாகத் தெரிந்தன.

ஏவிபியின் வலிமை வலையமைப்பிலேயே இருக்கிறது. ஓர் ஒலியோட்டம் புறப்படும் முன்பே வழிநெடுக அதற்குரிய இடம் ஒதுக்கப்படுகிறது. வேறு எந்தப் போக்குவரத்தும் அதை அசைக்க முடியாது. பொறியியல் நோக்கில் மூன்றினுள் அதுவே நேர்த்தியானது என்று மகள் இன்றும் சொல்வார். ஆனால் அந்த ஒதுக்கீட்டைச் செய்யத் தெரிந்த ஸ்விட்ச் வேண்டும். பழுதான ஸ்விட்சுக்கு மாற்று வாங்க மும்பைக்காரர்கள் லேமிங்டன் ரோட்டுக்குப் போவார்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண ஸ்விட்ச் அதற்குப் போதாது. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். விழாவுக்கு முந்தைய நாள் ஸ்விட்ச் எரிந்தால் நேர்த்தியைக் கொண்டு என்ன செய்வது? ஏஇஎஸ்67 எவருடைய உடைமையும் அன்று. ஆனால் அந்தத் திறப்பினுள் நுழைய ஒரு பொறியாளர் வேண்டும். டான்டே முழுவதும் ஒரு நிறுவனத்தின் உடைமை. கருவி செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் அதன் பாகத்தையோ உரிமத்தையோ வாங்கியாக வேண்டும். ஆனால் கருவிகள் தாமாகவே ஒன்றையொன்று பெயரால் கண்டுகொள்கின்றன. திரையில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் இணைப்பு முடிந்தது. மின்சாரம் போய்த் திரும்பினால் பழைய இணைப்புகள் தாமாக மீள்கின்றன. கூடத்துக்கு அரை மணித் தொலைவில் அதை அறிந்த பத்துப் பேரையாவது மகள் அறிவார். வாடகைக்குக் கருவி எடுத்தாலும் பெரும்பாலும் அதுவே கிடைக்கும்.

பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1985இல் தட்டச்சுப் பலகையின் எழுத்து வரிசையைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே நினைவுக்கு வரத்தக்கது. ஒரு தொழில்நுட்பம் நிலைபெறுவதற்கு அதன் உள்ளார்ந்த சிறப்பு காரணமாக இருக்க வேண்டியதில்லை. முன்பே அதைக் கற்றவர்கள் இருப்பதே அடுத்தவர் அதைத் தேர்வதற்குக் காரணமாகிறது என்பது அதன் சாரம். ஆய்வரங்குகளில் இது பெரும்பாலும் குறையாகவே பேசப்படும். கூடத்தின் பின்வரிசையிலிருந்து பார்த்தால் 'முன்பே கற்றவர்கள் இருப்பது' என்பது, பழுது பார்க்க ஆள் வருவார் என்பதன் மறுபெயர். அடிக்கட்டுமானம் பழுதாகும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று சூசன் லீ ஸ்டார் 1999இல் எழுதினார். கடைக்காரரின் நோட்டு நாற்பது ஆண்டுகளாகப் பதிந்துவந்தது அந்தக் கணங்களையே. திறந்த தரநிலை என்பது ஆவணம் எல்லாருக்கும் கிடைப்பதோடு முடிந்துவிடுவதா, அதை மீட்டெடுக்கும் திறன் அக்கம்பக்கத்தில் இருப்பதையும் சேர்த்ததா என்பது தரநிலைகளை ஆராய்வோர் இன்னும் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டிய கேள்வி. நூறு வோல்ட் லைனில் இரண்டும் ஒன்றாக இருந்தன. வலையமைப்பு ஒலியில் அவை இப்போதைக்குப் பிரிந்து கிடக்கின்றன.

மகள் டான்டேயைத் தேர்ந்தார். முழுமனத்தோடு தேர்ந்தார் என்று சொல்ல முடியாது. கமிட்டிக்கு எழுதிய குறிப்பில் நான்கு நிபந்தனைகளைச் சேர்த்தார். வாங்கும் ஒவ்வொரு கருவியும் ஏஇஎஸ்67 முறையிலும் இயங்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாளை அந்நிறுவனம் வழி மாறினாலும் கூடம் அடைபட்டுவிடக் கூடாது. ஒலிக்கென்று தனி ஸ்விட்சுகள் வேண்டும். கண்காணிப்புக் கேமராவோ அலுவலக வைஃபையோ அவற்றில் செருகப்படலாகாது. ஸ்விட்சுகள் சங்கிலியாகத் தொடராமல், ஒவ்வொரு பகுதியும் நடுவிலுள்ள ஸ்விட்சுக்குத் தனிக் கம்பியில் வர வேண்டும். ஒன்று அணைந்தால் அது மட்டுமே அணையும். நான்காவது நிபந்தனை தந்தையினுடையது. ஒவ்வொரு பகுதியின் ஆம்ப்ளிஃபயருக்கும் மேடையிலிருந்து ஒரு சாதாரண அனலாக் கம்பியும் போக வேண்டும். ஒரு குமிழைத் திருப்பினால் வலையமைப்பு இல்லாமலே மேடைக்குரல் அங்கே கேட்க வேண்டும்.

கமிட்டித் தலைவரான அண்ணாச்சி செலவு கூடுகிறதே என்றார். "கூம்பு எறக்கின பெறகு ஒரு நாள்கூட எங்க அம்மாவுக்கு மாடியில ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி," என்றார் கடைக்காரர். பேச்சு அத்தோடு முடிந்தது.

மழைக்காலத்தில் வேலை நடந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து படிக்கட்டுக்கும் உணவுக்கூடத்துக்கும் முற்றத்துக்கும் போன கடைசிக் கம்பிகள் நூறு வோல்ட் லைனாகவே இருந்தன. சிறு பெட்டிகள் பல நிற்கும் இடத்தில் இன்றும் அதைவிட எளிய வழி இல்லை. வாட்டைக் கூட்டிக் கணக்குப் போட்டவர் தந்தைதான். ஸ்விட்சுகளில் மின்சிக்கன வசதியை மகள் ஒவ்வொன்றாக அணைத்தார். போக்குவரத்து குறைந்த நேரத்தில் வாயை உறங்கவிட்டு எழுப்பும் அந்த வசதி கணினிக்கு நல்லது. கடிகாரத்தின் பொட்டலங்களைத் தடுமாறவைத்து ஒலியில் வெட்டுகளை உண்டாக்கும். கடிகாரப் பொட்டலங்களுக்கு முதல் முன்னுரிமை, ஒலிக்கு அடுத்தது என்று வரிசை அமைத்தார். மொத்த ஒலி வரம்பைத் தாண்டாதவாறு மேடைக் கருவியிலேயே கட்டுப்பாடு வைத்தார். ஒவ்வொரு கருவிக்கும் 'மாடி', 'சாப்பாடு', 'முற்றம்' என்று பொருள்படும் எளிய பெயர் கொடுத்தார். பின்னர் தமிழிலும் மராத்தியிலும் ஒரு அட்டை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினார். ஒலி நின்றால் முதலில் எதைப் பார்ப்பது, இரண்டாவது எதை, எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது, கடைசியாக யார் யாரை அழைப்பது என்று ஆறு வரிகள். பரதநாட்டிய வகுப்பின் மாணவியர் இருவரை அழைத்து, மூன்று முறை வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி, அட்டையைப் பார்த்தே சரிசெய்யப் பழக்கினார்.

நவராத்திரியின் மூன்றாம் நாள் மகள் உண்மையாகவே புனேயில் இருந்தார். கூடத்தில் பாட்டுக் கச்சேரி. பின்புறம் பந்தி நடந்தது. சமையல்காரர் ஒருவர் மிக்சியைச் செருக இடம் தேடி, உணவுக்கூடத்து ஸ்விட்சின் பிளக்கைக் கழற்றினார். அங்கே பாட்டு நின்றது. மேடையிலும் மாடியிலும் முற்றத்திலும் அது தொடர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அந்த மாணவியருள் ஒருவர் அலமாரியைத் திறந்து, அட்டையை வாய்விட்டுப் படித்து, குமிழைத் திருப்பினார். பாட்டு அனலாக் கம்பி வழியே திரும்பியது. அதன் பிறகு பிளக்கைத் தேடிச் செருகி, பச்சை விளக்கு எரிந்ததும் குமிழைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். மிக்சிக்கு வேறு இடம் காட்டினார். கடைக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தம் நாற்காலிக்குத் திரும்பினார். மாடியில் அவருடைய தாயார் பாட்டு ஓய்ந்த இடைவெளியில், பாடும் பெண் எந்த ஊர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் அறிவித்திருந்த ஊரை அவர் சரியாகக் கேட்டிருந்தார், உறுதிப்படுத்திக்கொள்ளவே கேட்டார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கச்சேரி முடிந்தது. தெருவில் எவரும் கதவைச் சாத்தவில்லை. சாத்தும் அளவுக்கு ஒலி அங்கே போகவுமில்லை. கடைக்குத் திரும்பியதும் அவர் நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் வாட் கணக்குக்குக் கீழே எழுதினார்: 'சாப்பாட்டு ஹால் ஸ்விட்ச், பிளக், 2 நிமிஷம்.' அந்த வரியைக் கைப்பேசியில் படமெடுத்துப் புனேயிலிருந்த மகளுக்கு அனுப்பச் சொன்னார். டான்டேயின் உரிமம் யாருடையது, பத்தாண்டு கழித்து அது இருக்குமா என்ற கவலை மகளுக்கு இன்னும் தீரவில்லை. அவர் எழுதிய குறிப்பின் கடைசி வரியில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தத் தேர்வைக் கமிட்டி மறுபடி விவாதிக்க வேண்டும் என்று இருக்கிறது.